கீழேயிருந்து பார்த்த வீடு

முழங்கால் உயரம்கூட இல்லாத ஓர் இரும்புக் குழாய். அதன் வாயில் கிழிந்த லுங்கித் துணியை அடைத்திருந்தார்கள். அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். நான், என் கணவர் தயாளன், எத்திராஜ் மேஸ்திரி, சித்தாள் கன்னியம்மா.

இடம், திருமுல்லைவாயிலில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு. வீடு என்று சொல்வதே அதிகம். இடுப்பளவுக்கு அடித்தளம் எழுப்பி, உள்ளே மணல் நிரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய ஒரு பெரிய மேடை, அவ்வளவுதான். எங்கெங்கே அறை வரும் என்பதற்கு அடையாளமாகச் செங்கல் வரிசை மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்தது. ஈர மணல் வாசனை. காலடியில் இன்னும் குளிர்ச்சி.

கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யக்கா, சாமி ரூம்ல இன்னாத்துக்குக் கொயா வெச்சிகீறாங்க?"

என் கணவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். திரும்பவும் வரைபடத்தைப் பார்த்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்த காலம்.

இடது இடுப்பு

போன வார அத்தியாயத்தில் எங்கள் அம்பத்தூர் வாடகை வீட்டைத் திட்டித் தீர்த்திருந்தேன். அந்த வீட்டுக்காரரின் மகள் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அப்பா நல்லவர் என்று எழுதியிருக்கிறார். நல்லவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கிணறு, கிணற்றுக்கு ஒரே கயிறு என்று எழுதினேனே, அதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் சமைக்க உதவாது. பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாயிலிருந்துதான் பிடித்து வரவேண்டும். காலையில் நான்கு குடம். கல்யாணம் ஆனதிலிருந்து என் இடது இடுப்பில் சேலை காய்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஈரத்தோடுதான் ரயிலேறித் திருமுல்லைவாயில் பள்ளிக்குப் போவேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

எங்கள் தலைமையாசிரியை ராஜேஸ்வரி அம்மாள் வருகைப் பதிவேட்டை நீட்டும்போதே என் இடுப்பைப் பார்ப்பார். "இன்னிக்கு உங்க தெருவுல நல்லாத் தண்ணி வந்துதுபோல" என்பார். கேலி கிடையாது. அவர் குரோம்பேட்டைக்காரர். அங்கேயும் தண்ணீர்ப் பஞ்சம், அவர் பாடும் அதுதான்.

ஆகவே வீடு கட்டப்போகிறோம் என்று என் கணவர் சொன்னபோது, ஒன்றே ஒன்று கேட்டேன். சமையலறைக்குள் ஒரு குழாய் வேண்டும். மொசைக் வேண்டாம், அலமாரி வேண்டாம், வாசலில் யானை முகம் போட்ட கிரில் கதவு வேண்டவே வேண்டாம். நான் நின்ற இடத்தில் நின்று திருகினால் தண்ணீர் வரவேண்டும்.

திருமுல்லைவாயிலில் அந்தப் புது மனைப்பிரிவில் மனை வாங்கினதே அதற்காகத்தான். அங்கே பஞ்சாயத்தில் தெருவுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர். எழுதிக்கொடுத்தால் வீட்டுக்கு ஓர் இணைப்பு தருவார்கள்.

படம் போடுகிறவர்

என் கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலை. நெமிலிச்சேரிக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் நாற்றுக் கட்டு சுமந்தவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் பென்சிலைக் கூராகச் சீவத் தெரிந்தவர் இவர்தான். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் கொஞ்சம் அதிகப்படியாக இருந்தது.

எதற்கெடுத்தாலும் படம் போடுவார். கொசுவலை கட்ட ஒரு படம். ஊறுகாய் ஜாடிகள் வைக்கும் பலகைக்கு ஒரு படம், அதுவும் மூன்று பக்கத்திலிருந்து. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு மாடிப்படியை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, என் அம்மா, "பையன் வெட்கப்படுறான்" என்றாள். பின்னால்தான் தெரிந்தது, படி ஒவ்வொன்றும் வேறு வேறு உயரமாக இருந்திருக்கிறது.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியியல் பத்திரிகை வரும். அதில் வீடு கட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சுலோ, அங்கெல்லாம் வீட்டுக்குக் கீழ ஒரு ரூமே இருக்கும். தண்ணி, கரண்ட், சாக்கடை, எல்லா லைனும் முதல்ல அங்கதான் வந்து சேரும். ஏதாவது கோளாறுன்னா படியில இறங்கிப் போய்ப் பார்த்துடலாம்."

"நமக்கு?"

"நமக்குக் கீழ வெறும் மணல்தான். ஒரு தடவை மூடிட்டா மூடினதுதான். அதனால எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சுடணும்."

அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முன்னாடியே யோசியுங்கள். ஆனால் என் கணவர் யோசித்த அளவுக்கு யோசிக்காதீர்கள்.

பஞ்சாயத்துத் தண்ணீருக்கு வேகம் கிடையாது. குழாயை உயரத்தில் வைத்தால் சொட்டும், தரையோடு தரையாக வைத்தால் ஓடும். அதனால் தெருவிலிருந்து குழாய் தரைக்கு அடியிலேயே வீடு முழுக்கக் கடந்து வந்து, பின்கட்டில் இருக்கும் சமையலறையில் தலை நீட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். சமையலறைக் கழிவுநீர் போகிற ஜலதாரையும் அங்கேயே. மணல் நிரப்புவதற்கு முன்னால் இரண்டையும் போட்டுவிட வேண்டும்.

மொத்தம் ஐந்து படங்கள். முதல் தாள் வீடு. மற்ற நான்கும் வீட்டுக்குள் வருவதும் போவதும்.

கம்பத்துக்காரர்

மூன்றாவது தாள் கரண்டுக்கு. அதையும் நிலத்துக்கு அடியில் கொண்டுவர ஆசைப்பட்டார். வீட்டு முகப்பில் கம்பி தொங்கினால் அசிங்கமாம். இடம் பார்க்க வந்த லைன்மேன் அந்தத் தாளை வெகுநேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"சார், கம்பத்துலேர்ந்து கம்பி மேலாலதான் வரும். மாடியாண்ட ஒரு பைப்ப நட்டு வளைச்சி உட்டா உள்ள எறங்கிக்கும். அவ்ளோதான்."

"கீழ புதைச்சுக் கொண்டுவந்தா அழகா இருக்குமேன்னு பார்த்தேன்."

"அழகாத்தான் இருக்கும் சார். மய பேஞ்சா ஊட்டுல எல்லாரும் ஜொலிப்பீங்க."

வேறொருவராக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். என் கணவர் அதன் மேல் 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஒரு கட்டம் காலியாக இருந்தது

அவர் போடும் எல்லாப் படத்திலும் வலது கீழ்மூலையில் சின்னதாகக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர். சரிபார்த்தவர். தேதி. எங்கள் வீட்டுப் படங்களிலும் அது இருந்தது. வரைந்தவர் கட்டத்தில் அவர் கையெழுத்து, சுழித்துச் சுழித்து. சரிபார்த்தவர் கட்டம் மட்டும் காலி.

"இதுல யாரு கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன்.

"கம்பெனியில எங்க சீஃப் போடுவாரு."

"இங்க?"

சிரித்தார். "இங்க இதைச் சரிபார்க்க யாரு இருக்கா? நீயா?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல மனநிலையில் சொன்னது. ஆனால் அன்று நான் ஒரு கட்டு நோட்டுகளைத் திருத்திவிட்டு எழுந்திருந்தேன். பக்கம் பக்கமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவதுதான் என் பிழைப்பு. எனக்குச் சுருக்கென்று இருந்தது. தம்ளரைக் கழுவப் போனேன். கழுவுவதற்குத் தண்ணீர் தவலையின் அடியில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, குழாய்ப் படத்தை என்னிடம் கொடுத்தார். கம்பெனியில் அவசர வேலை, ஒரு வாரத்துக்கு மனைப் பக்கம் வரமுடியாது, பள்ளிவிட்டுப் போகும்போது மேஸ்திரியிடம் கொடுத்துவிடு என்றார்.

பள்ளியில் இடைவேளையின்போது அதைப் பிரித்துப் பார்த்தேன். சுவர்களைப் புள்ளிக் கோடாகப் போட்டிருந்தார். அறைகளுக்குப் பெயர் இல்லை. தெருவிலிருந்து ஒரு தடித்த கோடு நேராகப் பின்பக்கம் போய் ஒரு மூலையில் முடிந்தது.

எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. உள்ளே நுழைந்தால், பின்பக்கம் வலது மூலை சமையலறை. அது அக்கினி மூலை. பின்பக்கம் இடது மூலை சாமி அறை. அது ஈசானி மூலை. நடுவில் கொல்லைக் கதவு. இது எனக்கு மனப்பாடம். எத்தனை தடவை அந்தச் சமையலறையில் கற்பனையாக நின்று குழாயைத் திருகியிருக்கிறேன்!

படத்தில் கோடு இடது மூலையில் முடிந்திருந்தது.

தாளின் ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரியான ஆங்கில எழுத்தில், அடியிலிருந்து பார்க்கும் தோற்றம் என்று எழுதியிருந்தார். உங்கள் கையை மேசைமேல் குப்புற வைத்துப் பாருங்கள். பிறகு அதே கையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கட்டைவிரல் இடம் மாறியிருக்கும். அதுதான் நடந்திருந்தது. இயந்திரத்தின் அடிப்பாகத்தை வரைவதென்றால் கம்பெனியில் அடியிலிருந்து பார்த்துத்தான் வரைவார்கள். குழாய் தரைக்கு அடியில் இருக்கிறது, ஆகவே என் கணவர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரைந்திருந்தார்.

இயந்திரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். வீட்டை யார் தூக்குவது?

எனக்குப் புரிந்துவிட்டது என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். மேஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது, இதை மேலிருந்து பார்த்த படமாகத்தான் எடுத்துக்கொள்வார் என்பதும் புரிந்தது. 'இதைச் சரிபார்க்க யாரு இருக்கா?' என்ற குரலும் கூடவே கேட்டது.

தாளை மடித்தேன். மனைக்குப் போனேன். மேஸ்திரியிடம் நீட்டினேன்.

எத்திராஜ் மேஸ்திரி திருவேற்காட்டுக்காரர். பென்சிலைக் காதில் செருகியிருப்பார், ஆனால் அதை எடுத்து எழுதி யாரும் பார்த்ததில்லை. தாளில் தெரு இருந்த பக்கத்தை நிஜத் தெருப் பக்கமாக வைத்துப் பிடித்தார். தலையைச் சொறிந்தார். இரண்டு தடவை சாமி அறைப் பக்கம் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது சாரு போட்டதுதானே?"

"ஆமாம்."

"அப்ப சரி."

மூன்று நாள்

இப்போது அந்த இரும்புக் குழாயிடம் திரும்பலாம். நான் கேட்காமல் விட்டதைக் கன்னியம்மா கூசாமல் கேட்டாளே, அதுதான் என் பொறாமை.

கன்னியம்மா கேட்ட கேள்விக்கு என் கணவர் கடைசியில் ஒரு பதில் சொன்னார்.

"படம் சரி. வீடுதான் தப்பு."

மேஸ்திரி நிதானமானவர். "சார், ஊட்டத் திருப்பிப் போட முடியாது. படத்தத் திருப்புங்க" என்றார்.

அதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் சொல்ல முடியாது. திருப்பினால் போதும். அது ட்ரேசிங் தாள், பின்பக்கம் திருப்பினாலும் கோடு தெரியும். ஆனால் என் கணவருக்கு அன்று காதில் விழுந்தது வேறு. தன் படத்தைக் குறை சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் விழுந்தது.

"நீ ஏன்யா சாமி ரூம்ல போட்ட? உனக்கு யோசனை வேணாமா?"

"யோசிச்சேன் சார். கம்பெனில படம் போடறவரு, காரணம் இல்லாமயா போட்டிருப்பாரு? சாமிக்கு அபிசேகம் பண்றதுக்கு வெச்சிகீறாருன்னு நெனச்சிகினேன். தண்ணி போறதுக்குக்கூட வயி வெச்சிருந்தீங்களே!"

ஜலதாரையும் சாமி அறையில்தான் போயிருந்தது. படத்தை மேஸ்திரி ஓர் அங்குலம் பிசகாமல் பின்பற்றியிருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நிலை வைக்க நாள் குறித்திருந்தோம். வாசற்கால் நிறுத்துவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. அடியில் நவதானியமும் ஐம்பொன்னும் போட்டு, மஞ்சள் குங்குமம் பூசி நிறுத்துவார்கள். மேஸ்திரி தன் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், இன்னிக்குச் சொல்லு, நாளிக்கிச் சொல்லு, ஒரே நாள்ல மணல நோண்டி பைப்ப அந்தாண்ட மாத்திடறேன். நெல வெச்சிட்டா, அப்பால பேஸ்மட்டத்துல நான் கடப்பார வெக்கமாட்டேன். எங்கப்பாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது அது. வேற ஆளப் பாத்துக்கோ."

ஆக, மூன்று நாள் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள். என் குழாய்க்கு அதுதான் கெடு.

அந்த மூன்று நாளையும் என் கணவர் எப்படிச் செலவழித்தார் என்று கேளுங்கள். படம் சரி என்று நிரூபித்தார்.

புதன்கிழமை தீப்பெட்டியை வைத்து நிரூபித்தார். பெட்டியின் அடியில் பேனாவால் கோடு போட்டு மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி ஒரு குச்சியை உருவி பீடி பற்றவைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கட்டிலை வைத்து நிரூபித்தார். காவலுக்குப் படுக்கிற கயிற்றுக் கட்டில் ஒன்று மனையில் இருந்தது. அதற்கு அடியில் மேஸ்திரியைப் படுக்கவைத்தார்.

"இந்தக் கட்டில்தான் தரை. நீ தரைக்குக் கீழ இருக்க. இப்ப மேல பாரு. உனக்கு எது இடது?"

"சார், எனக்கு முதுவு நோவுது."

"அதில்லய்யா, சமையல்கட்டு எந்தப் பக்கம் தெரியுது?"

"இங்கேர்ந்து கயிறுதான் சார் தெரியுது."

மணல் சலித்துக்கொண்டிருந்த கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"யக்கா, கொயா உனுக்குத்தானே வோணும்? நீ ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

சொல்லலாம்தான். 'எனக்கு முன்னமே தெரியும், தாளைத் திருப்புங்கள்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் இப்போது சொன்னால், முன்னமே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். படத்தைக் கொடுத்த அன்று கோபத்தில் மூடிய வாயை, இப்போது பயத்தில் திறக்க முடியவில்லை. நான் தவமிருந்து கேட்ட குழாய் என் கண்முன்னாலேயே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாட்களில் அந்த வியாழக்கிழமையும் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில் நிலை வைத்தாயிற்று. கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் நன்றாக உடைந்தது. என் கணவர் வாசலுக்கு வெளியே, கதவில்லாத நிலைக்கு எதிரே, தாளும் கையுமாக நின்றார். நிலைக்குள்ளே தூரத்தில் அந்தக் குழாய். பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு மறைப்பாகத் தாளை முகத்துக்கு நேரே தூக்கினார். தூக்கும்போது எப்படியோ அது பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

வெளிச்சத்தில் கோடுகள் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். தடித்த கோடு வலது மூலையில் போய் நின்றது.

"ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேஸ்திரி கடப்பாரையை அப்போதுதான் கழுவித் துடைத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்.

அபிஷேகக் குழாய்

வீடு முடிந்து குடிபோனோம். கிரகப்பிரவேசத்துக்குக் கம்பெனி சீஃப் வந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாமி அறை வாசலில் நின்றார். குனிந்து குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. ஜலதாரை வழியாகப் போய்க் கொல்லையில் வாழைக்கன்றுக்குப் பாய்வதை எட்டிப் பார்த்தார்.

"அபிஷேகத்துக்கா? நல்ல யோசனை தயாளன். நான் எங்கேயும் பார்த்ததில்லை."

"எல்லாம் சாரு போட்ட படம்தான்" என்றார் மேஸ்திரி, பக்கத்திலிருந்து. குறும்பா, விசுவாசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாயசம் எடுத்துவரப் போய்விட்டார். பாயசம் ஏற்கெனவே சீஃப் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எதிர்மனைக்காரர் வீடு கட்டினார், சாமி அறையில் குழாய். அடுத்த தெருவில் ஒரு ரயில்வேக்காரர், அவருக்கும். எத்திராஜ் மேஸ்திரி எங்கே போனாலும், "நம்ம தயாளன் சார் ஊட்டு மாடல் போட்டுடலாமா?" என்று கேட்கிறார் என்று தெரிந்தது. ஊரெல்லாம் தெய்வங்கள் வசதியாகக் குளித்துக்கொண்டிருந்தன.

என் நிலைமை வேறு. குளிக்காமல் சாமி அறைக்குள் காலடி வைக்கக் கூடாது. குளிப்பதற்கான தண்ணீர் சாமி அறைக்குள் இருக்கிறது. வாசல் தெளிக்கிற தண்ணீரும் அங்கேதான். ஆகவே முதல் நாள் பிடித்த தண்ணீரில் கொல்லையில் குளித்து, ஈரத்தோடு உள்ளே போய், விழுந்து கும்பிட்டு, குடத்தை வைத்துப் பிடித்து, சமையலறைக்குத் தூக்கிப் போக வேண்டும். காலையில் அதே நான்கு குடம். இடுப்பும் அதே இடுப்பு.

"புது வீட்டுலயும் நல்லாத் தண்ணி வருதுபோல" என்றார் ராஜேஸ்வரி அம்மாள்.

சிவப்பு மை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சாமி அறையிலிருந்து சமையலறைக்குக் குழாயை நீட்டுவதற்கான படம். மேலிருந்து பார்த்த படம். அறைகளின் பெயரைத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

"கொஞ்சம் பாரேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது கீழ்மூலையில் கட்டம். சரிபார்த்தவர். காலி.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றேன். "பள்ளிக்கூடத்துலயே பிரிச்சுப் பார்த்தேன். அடியிலேர்ந்து போட்ட படம்னு படிச்சேன். மேஸ்திரி தப்பாப் புரிஞ்சுப்பாருன்னும் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சொல்லலை?"

"சரிபார்க்க இங்க யாரு இருக்கான்னு கேட்டீங்களே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளின் ஓரத்தை விரலால் நீவி விட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் அப்படியா கேட்டேன்?"

"காபி குடிச்சுக்கிட்டே கேட்டீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லை, சுலோ."

அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அவருக்கும் வலித்திருக்க வேண்டும். என் கையிலிருந்த சிவப்பு மைப் பேனாவைக் காட்டி, "திருத்து" என்றார்.

திருத்தினேன். பரிதாபமே பார்க்கவில்லை. குழாய் கொல்லைக் கதவின் குறுக்கே கணுக்கால் உயரத்தில் போயிற்று. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'நான் தினமும் இதைத் தாண்ட வேண்டுமா?' என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, "அட" என்றார். எடுத்துக்கொண்டு போய் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். குழாய் இப்போது சாமி அறைச் சுவரைத் துளைத்து வெளியே போய், கொல்லைப் படிக்கு அடியில் நுழைந்து, சமையலறைச் சுவர் வழியாக உள்ளே வந்தது. மேஸ்திரியின் சட்டத்துக்கும் பங்கமில்லை, மேடையைத் தொடவே வேண்டாம். ஜலதாரைக்குச் சமையலறைச் சுவரில் ஓர் ஓட்டை.

சரிபார்த்தவர் கட்டத்தில், சிவப்பு மையில், சுலோசனா தயாளன் என்று முழுப் பெயரையும் எழுதினேன். கட்டம் போதவில்லை, கொஞ்சம் வெளியே நீண்டுவிட்டது. அதன் பிறகு, அவர் ஓய்வு பெறும் வரைக்கும், அந்தக் கட்டம் காலியாக ஒரு தாளும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. கொசுவலைக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எத்திராஜ் மேஸ்திரியும் கன்னியம்மாவும் வந்து ஒரே நாளில் வேலையை முடித்தார்கள். சிமெண்ட் காய்ந்த மறுநாள் காலை, தண்ணீர் வரும் நேரத்துக்கு நான் சமையலறையில் நின்றேன். என் கணவர் வாசற்படியில், பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் முகத்தோடு. குழாயைத் திருகினேன். முதலில் வெறும் காற்று. பிறகு ஓர் இருமல். பிறகு துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர் கொஞ்சம். பிறகு நல்ல தண்ணீர், குடத்தின் அடியில் விழுகிற அந்தத் தடதட சத்தத்தோடு.

குடம் நிரம்பிற்று. அப்படியே ஓர் அடி நகர்த்தி அடுப்புப் பக்கம் வைத்தேன். இடுப்பில் எடுக்கவே இல்லை.

அன்று பள்ளிக்குப் போனபோது கொஞ்சம் நேரமாகிவிட்டது. ராஜேஸ்வரி அம்மாள் பதிவேட்டை நீட்டினார். வழக்கம்போல என் இடது இடுப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அடடா" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "என்னம்மா, இன்னிக்கு உங்க தெருவுல தண்ணியே வரலியா?"